டீச்சர் போட்ட கையெழுத்து

எங்கள் தொகுதியில் மூன்று முறை ஜெயித்தவர் உடம்புக்கு முடியாமல் இனி நிற்கப் போவதில்லை என்று அறிவித்த அன்று, நான் கணபதியில் என் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய பம்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்சி ஆபீசிலிருந்து போன் வந்தபோது கையெல்லாம் கிரீஸ். வேலைக்காரர் ஒருவர் போனை என் காதோடு பிடித்துக்கொண்டார். "உங்க பேரையும் சொல்லியிருக்கறோமுங்க, ரெடியா இருங்க" என்றார்கள். நான் சரி என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

கோவைக்கு வடக்கே இருக்கும் தொகுதி அது. பாதிப் பேர் தோட்டத்துக்காரர்கள், மீதிப் பேர் மில்லையும் ஒர்க்‌ஷாப்பையும் நம்பி வந்து குடியேறியவர்கள். இரண்டு அணிக்கும் வோட்டு ஏறத்தாழ சமம். ஓய்வு பெற்றவர் ஜெயித்ததெல்லாம் கட்சிக்காக இல்லை, அவருக்காக. கல்யாணம், எழவு, சீர் என்று எதையும் விடாமல் வந்து நிற்பவர். அவர் ஒதுங்கிக்கொண்ட பிறகு அந்த நாற்காலி யாருக்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

என்னை நிறுத்தியதற்குக் காரணம் ரயில்வே கேட். எங்கள் ஊரைத் தண்டவாளம் இரண்டாகப் பிரிக்கிறது. வீடுகள் இந்தப் பக்கம். பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் தோட்டங்களும் அந்தப் பக்கம். கேட்டை மூடிவிட்டு அடியில் சுரங்கப்பாதை தோண்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அதை எதிர்த்து நாங்கள் ஒரு கமிட்டி அமைத்தோம். நான் ஒரு முறை வார்டு கவுன்சிலராக இருந்தவன், அதனால் பேசுவது என் வேலை. மனு எழுதுவது டீச்சரின் வேலை. அரசு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைத் 'தம்பி' என்பார், ஆனால் 'வாங்க போங்க' குறையாது. நாலு வருடம் நாங்கள் ஏறாத அலுவலகம் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமில்லாத நாட்களில் அவர் டப்பாவில் கொண்டு வந்த தக்காளி சாதத்தைக் கலெக்டர் ஆபீஸ் மரத்தடியில் இரண்டாகப் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறோம்.

என் பெயரை எங்கள் கட்சி அறிவித்த மூன்றாம் நாள், எதிரணி டீச்சரின் பெயரை அறிவித்தது. அவர்களுக்கும் அதே கணக்குத்தான். கேட் கமிட்டியில் ஊருக்குத் தெரிந்த முகங்கள் இரண்டு. ஒன்றை நாங்கள் எடுத்துக்கொண்டோம், இன்னொன்றை அவர்கள்.

அன்று மாலையே டீச்சர் எனக்குப் போன் செய்தார். "தம்பி, நாம ரெண்டு பேரும் நிக்கறோமுங்களாமா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். "யாரு ஜெயிச்சாலும் நம்ம ஊருக்குத்தானுங்க டீச்சர்" என்றேன். அதைச் சொன்னபோது மனதாரத்தான் சொன்னேன். இதைப் படிப்பவர்கள் அதை மட்டுமாவது நம்ப வேண்டும்.

இனி, தேர்தலுக்கு இரண்டு வருடம் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

என் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று அவினாசி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஆபரேஷன் முடிந்திருந்தது. கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், முடிவு வரவில்லை. நான் மூன்று நாளாகச் சட்டை மாற்றவில்லை. நாலாம் நாள் மத்தியானம் டீச்சர் ஒரு பையோடு வந்தார். பையில் ஆரஞ்சுப் பழமும் ஒரு கடிதமும் இருந்தன.

"தம்பி, இந்த நேரத்துல வந்து கேக்கறேன்னு நெனைக்காதீங்க" என்றார். "ரயில்வேக்காரங்க சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லச் சொல்லிப்போட்டாங்க. சுரங்கப்பாதைக்கு ஒத்துக்கிட்டா வேன் போற அகலத்துக்குத் தோண்டித் தர்றாங்களாமா. இல்லீன்னா கேட்டை மூடிப்போட்டு, ஆளு நடக்கறதுக்கு மட்டும் வழி உடுவாங்களாமா."

"நீங்க என்னங்க நெனைக்கறீங்க?"

"எனக்கு மனசில்லீங்க தம்பி. அந்த எடம் பள்ளம். மழை பேஞ்சா தண்ணி அங்கதான் வந்து நிக்கும். இன்னொரு மாசம் இழுத்துப் பாக்கலாம்னு இருக்குது."

என்னால் எதையும் இழுத்துப் பார்க்க முடியாத நிலை. நாலு வருடமாக அந்தக் கேட் என் வீட்டைத் தின்றுவிட்டது என்று அந்தக் கணத்தில் தோன்றியது. மனைவி வயிற்று வலி என்று சொன்ன நாட்களில் எல்லாம் நான் ஏதாவதொரு அலுவலக வராந்தாவில் நின்றிருக்கிறேன்.

"வேண்டாங்க டீச்சர். இழுத்தது போதும். கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க" என்றேன்.

"ஊருல கேப்பாங்க."

"கேட்டா நாஞ் சொன்னேன்னு சொல்லிப்போடுங்க."

"அப்ப நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுருங்க தம்பி."

"எனக்குக் கை ஓடலீங்க. நீங்களே போட்டுருங்க."

டீச்சர் கட்டிலைப் பார்த்தார். மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பிறகு டீச்சர் மருந்து மேஜையின் மேல் கடிதத்தை வைத்து, கமிட்டி சார்பில் என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். நகல் ஒன்றை ஒரு வாரம் கழித்து என் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார். நான் அதை கேட் கமிட்டி பைலில் போட்டு வைத்தேன். பரிசோதனை முடிவு நல்லதாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கடிதத்தை மறந்துபோனேன்.

சுரங்கப்பாதை வந்தது. டீச்சர் சொன்னபடியே முதல் பெருமழையில் நிரம்பியது. அடுத்த மழையில் ஒரு பள்ளி வேன் நடுவில் நின்றுவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தத் தாய்மார்களின் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறக்க முடியாது. தூக்கி வந்தவர்களில் நானும் இருந்தேன். கரையில் நின்று குழந்தைகளுக்குத் தலை துவட்டியவர்களில் டீச்சர் இருந்தார். அன்றைக்குக்கூட நாங்கள் இருவரும் கடிதத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

பிரசாரம் ஆரம்பித்த முதல் வாரத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் அதே கேள்விதான். "இந்தச் சுரங்கப்பாதைக்கு யாருங்க ஒத்துக்கிட்டது?" கமிட்டியில் பேசி முடிவு செய்ததுங்க என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துகொண்டிருந்தேன். டீச்சரும் அப்படித்தான் சொல்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

அப்போதுதான் கட்சி வெளியூரிலிருந்து ஒரு தேர்தல் பொறுப்பாளரை அனுப்பியது. மெதுவாகப் பேசுபவர். குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. துடியலூரில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த தேர்தல் அலுவலகத்தில் வாக்காளர் பட்டியலைப் பரப்பி வைத்துக்கொண்டு, "இங்க ரெண்டு தெரு சாஞ்சாப் போதும், ஜெயிச்சிடலாம்" என்றார். பிறகு, "அந்தச் சம்மதக் கடிதத்துல யார் கையெழுத்து இருக்கு?" என்று கேட்டார்.

"டீச்சரோடதுங்க."

"உங்களது?"

"இல்லீங்க."

"கடிதம் உங்ககிட்ட இருக்கா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் மிகச் சின்னது. நான்தான் போடச் சொன்னேன். அவ்வளவுதான். அதைச் சொல்லாமல் வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்து பைலை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியாது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியும். ஐம்பது வயது தாண்டியவனுக்கு அது தெரியாமல் இருக்குமா.

மறுநாள் காலை நோட்டீஸ் வந்துவிட்டது. ஒரு பக்கம் தண்ணீரில் நிற்கும் பள்ளி வேன், அதற்குக் கீழே டீச்சரின் கையெழுத்து உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கப்பட்டு. மறுபக்கம் என் போட்டோ. 'ஊரை விற்றவர் யார், ஊருக்காக நின்றவர் யார்?' என்று தலைப்பு. மத்தியானத்துக்குள் எல்லோருடைய போனிலும் அது சுற்ற ஆரம்பித்தது.

இரண்டு நாள் கழித்து எங்கள் ஜீப்பும் அவர்கள் ஜீப்பும் ஒரு குறுகிய தெருவில் எதிரெதிரே வந்துவிட்டன. மரியாதைக்கு இரண்டு பக்கமும் மைக்கை நிறுத்தினார்கள். டீச்சர் ஜீப்பிலிருந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் ஜீப்பின் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த வேனில் இருந்த குழந்தைகளில் ஒன்று அவளுடையது.

"டீச்சர், இது உங்க கையெழுத்துங்களா?"

"என்னோடதுதானுங்க அம்மணி."

"ஏனுங்க போட்டீங்க? எம் புள்ளைக்கு டியூஷன்ல நீங்கதான அ, ஆ சொல்லிக் குடுத்தீங்க."

பத்தடி தூரத்தில் நான் நின்றிருந்தேன். டீச்சர் ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அன்னைக்கு அதுதான் வழின்னு பட்டுச்சு கண்ணு. தப்பாப் போச்சு. மன்னிச்சுக்க" என்றார்.

எங்கள் டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்து அவர்களுக்கு வழிவிட்டார். அவர்கள் கடந்து போனதும் எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள்.

மறுநாள் காலை மனைவி எனக்கு இட்லி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வழக்கமாக உட்காரமாட்டாள்.

"ஏனுங்க, அன்னைக்கு நான் அந்த ரூமுலதானுங்க படுத்திருந்தேன்."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தூங்கறேன்னு நெனைச்சுக்கிட்டீங்களா? வலியில எங்கீங்க தூக்கம் வருது. டீச்சர் வேண்டான்னுதான சொன்னாங்க. நீங்கதான போடச் சொன்னீங்க."

"எனக்கும் தெரியுது. இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"கடைசிக் கூட்டத்துல சொல்லிப்போடுங்க. தோத்தாலும் பரவாயில்லீங்க. ஒர்க்‌ஷாப்பு இருக்குது, பொழைச்சுக்கலாம்."

சொல்கிறேன் என்றேன். பொய் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஜீப்பில் போகும்போதெல்லாம் அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஆரம்பிப்பதா, மழையிலிருந்து ஆரம்பிப்பதா என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

பிரசாரம் முடியும் நாள் மாலை, பஸ் ஸ்டாப் அருகே மேடை போட்டிருந்தார்கள். நல்ல கூட்டம். வெயில் இன்னும் இறங்கவில்லை. கடைசியில் நான் மைக்கைப் பிடித்து, "அந்தக் கடிதத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லோணுமுங்க" என்று ஆரம்பித்தேன். அவ்வளவு சொன்னதுமே முன்வரிசையில் விசில். பின்னாலிருந்து யாரோ டீச்சரைத் துரோகி என்று கத்தினார்கள். நாலைந்து குரல் அதைத் திரும்பச் சொன்னது. மேடையின் ஓரத்தில் மனைவி நின்றிருந்தாள். பொறுப்பாளர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் என்னைத் தொடவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நொடி இருக்கும்.

"அதுக்குத் தீர்ப்பு நீங்களே சொல்லுங்க" என்றேன்.

என் பிரசாரம் முழுவதிலும் அவ்வளவு கைதட்டல் எனக்குக் கிடைத்ததில்லை. இறங்கி வந்தபோது மனைவி அங்கே இல்லை. ஒரு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

எங்கள் வாக்குச்சாவடி டீச்சர் வேலை பார்த்த அதே பள்ளிக்கூடம். நானும் மனைவியும் ஒன்றாகத்தான் போனோம். போட்டோ எடுக்க ஆட்கள் நின்றதால் விரலைக் காட்டிச் சிரித்தோம். அவள் யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்டதில்லை. எனக்குத் தெரியும்.

வோட்டு எண்ணிக்கை ஒரு என்ஜினீயரிங் காலேஜில். ஒரு சுற்றில் நான் முன்னால், அடுத்த சுற்றில் டீச்சர். தோட்டத்துப் பக்கத்து இயந்திரங்களைத் திறந்தபோது அவர் தாண்டிப் போய்விட்டார். என் ஏஜெண்டுகள் முகத்தைத் தொங்கப் போட்டுவிட்டார்கள். தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன், அப்போது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். நான் ஜெயிக்கத்தான் விரும்பினேன். கடைசிச் சுற்றுகளில் சுரங்கப்பாதையை ஒட்டிய தெருக்களின் இயந்திரங்கள் வந்தன. அங்கே முன்பெல்லாம் எங்களுக்குப் பாதிக்கு மேல் விழாது. இந்த முறை அள்ளிப் போட்டிருந்தார்கள். கடைசியில் நான் ஜெயித்த வித்தியாசம், ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு பந்தியாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டுவிடக்கூடிய ஆட்கள்.

சான்றிதழ் வாங்க நான் உள்ளே போகும் வழியில், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் டீச்சர் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார்.

"வாழ்த்துகளுங்க தம்பி."

கும்பிட்டேன்.

"மழைக்கு முன்னால சுரங்கப்பாதையில மோட்டார் வெக்கப் பாருங்க. உங்களுக்குத் தெரியாததா. அதை மொதல்ல பண்ணிப்போடுங்க" என்றார்.

பண்ணினேன். அந்த வருடமே இரண்டு பெரிய மோட்டார் வந்தது. அதன் பிறகு தண்ணீர் நின்றாலும் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். அந்த ஐந்து வருடத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம், இரண்டு ரோடு, ஒரு ரேஷன் கடை என்று என் பெயர் சொல்ல நாலு காரியம் நடந்தது. நல்ல எம்.எல்.ஏ. என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டசபையில் சுரங்கப்பாதை பற்றி நான் பேசும் முறை வந்தபோது, 'எங்கள் மக்களைக் கேட்காமல் சம்மதம் கொடுக்கப்பட்டது' என்று ஒரு வரி பேசினேன். அது அவைக்குறிப்பில் இருக்கிறது. ஊரில் ஒரு பொய்யை உலவ விட்டிருந்தேன். அதை நானே சட்டசபையிலும் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தேன்.

டீச்சர் ஒரு வருடத்துக்குள் ஊரைவிட்டுப் போனார். அவர் வீட்டுக் கேட்டில் அந்த நோட்டீஸை யாரோ ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சாயங்காலம் இலவசமாக டியூஷன் சொல்லிக் கொடுப்பார். அதற்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். தாராபுரத்தில் தங்கை வீட்டோடு போய் இருந்துகொண்டார் என்று கேள்விப்பட்டேன். சாமான் ஏற்றிய அன்று நான் சென்னையில் இருந்தேன். ஊரில் இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

பதவிக்காலம் முடிந்ததும் இனி வேண்டாம் என்று கட்சியிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டவர்களிடம் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்றேன். அதன் பிறகுதான், எம்.எல்.ஏ. என்ற ஸ்டிக்கரை எடுத்த காரில், டிரைவர் இல்லாமல் நானே ஓட்டிக்கொண்டு தாராபுரம் போனேன். வீட்டில் ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

அமராவதி ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தெரு. டீச்சர் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இளைத்திருந்தார், மற்றபடி அதே டீச்சர்தான். "வாங்க தம்பி, வாங்க" என்று எழுந்தார். உள்ளே போய் அவரே காபி போட்டுக்கொண்டு வந்தார்.

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததை நான் ஒரே மூச்சில் சொன்னேன். பைலை எடுத்துக் கொடுத்தது, மேடையில் ஆரம்பித்து முழுங்கியது, சட்டசபையில் பேசியது எல்லாம். அவர் இடையில் பேசாமல் கேட்டார். தப்பு செய்த பிள்ளை சொல்வதை வகுப்பில் அப்படித்தான் கேட்டிருப்பார் போல.

"நீங்க ஏனுங்க டீச்சர் சொல்லல? நாஞ் சொல்லித்தான் போட்டீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இல்லைன்னு சொல்லியிருக்க மாட்டனுங்க."

"சொல்லியிருப்பீங்க தம்பி" என்றார், கோபமில்லாமல். "அப்ப சொல்லியிருப்பீங்க. நீங்க இல்லைன்னு சொல்லி, நான் ஆமான்னு சொல்லி, கடைசியில உங்க ஊட்டம்மாவை மேடையில ஏத்திச் சாட்சி கேப்பாங்க. ஆஸ்பத்திரியில கெடந்த மனுசி. அது எனக்கு வேண்டான்னு பட்டுச்சுங்க."

அவரே தொடர்ந்தார். "கையெழுத்து என்னோடதுதான். வேண்டான்னு தோணியும் போட்டேன், அது எந் தப்பு. நீங்க அதை அச்சடிச்சதுகூடப் பரவாயில்லீங்க. முந்தின நாள் ஒரு போன் பண்ணி, டீச்சர், இப்படிப் பண்ணப் போறோம்னு சொல்லியிருக்கலாம். நாலு வருசம் ஒரே டப்பாவுல சாப்பிட்டவங்க நாம."

"ஊருல எல்லார்கிட்டயும் இப்பச் சொல்லிப்போடறனுங்க" என்றேன்.

"இப்ப எதுக்குங்க. அங்க இருக்கறவங்க பாதிப் பேரு மறந்திருப்பாங்க. மீதிப் பேரு, இவரு அடுத்த எலெக்‌ஷனுக்கு ஏதோ அடி போடறாருன்னு நெனைப்பாங்க." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

கிளம்பும்போது காபி டம்ளரை வாங்கிக்கொண்டே, "உங்க ஊட்டம்மாவுக்கு முட்டி வலி இப்பத் தேவலீங்களா? போன தடவை பஸ்ஸுல வந்தாங்க, படி ஏறவே செரமப்பட்டாங்க" என்றார்.

நான் விழித்ததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். பிறகு, "வருசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போறாங்களே தம்பி. சொல்லலீங்களா?" என்றார்.

வீடு வந்து சேர்ந்தபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சொந்தக்காரங்க எப்படி இருக்கறாங்க?" என்று கேட்டாள். நல்லா இருக்கறாங்க, உன் முட்டி வலியை விசாரிச்சாங்க என்றேன். அவள் கை ஒரு நொடி நின்றது. அப்புறம் என் சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. நானும் அவள் எத்தனை முறை போனாள், அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.